காலண்டர் அட்டையில் ஒரு பூதம்

அறுபதைத் தாண்டிய கூட்டாளிகளே, காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கிழவர் நம்மை முறைக்கிறாரே, அவரை உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்? எனக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். புளுகுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி என் வீட்டில் எப்போதும் அந்த அபிப்பிராயம்தான்.

அந்த வருடம் தை மாதம், கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், அப்பா புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினார். தேனியிலிருந்து போட்டோக்காரர் வந்திருந்தார். இப்போது மாதிரி நூறு எடுத்துத் தொண்ணூற்றொன்பதை அழிக்கிற காலமா அது? குடும்பத்துக்கு ஒரு படம். பெரியவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு, அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். பெரியப்பா நல்ல உயரம் என்பதால் நாற்காலி வேண்டாமென்று பெஞ்சுக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றுகொண்டார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்தோம்.

பத்து நாள் கழித்துச் சட்டம் போட்ட படம் வந்தது. அப்பா இருந்தார், அம்மா இருந்தார், அக்கா இருந்தாள், பெரியம்மா இருந்தார். கடிதம் கொடுக்க வந்து சும்மா நின்ற தபால்காரர் இருந்தார். ஒரு ஆட்டின் பின்பாதிகூட இருந்தது. நான் இருக்க வேண்டிய இடத்தில் பெரியப்பாவின் தோள் இருந்தது. தோளுக்கு மேலே ஒரு காது. அது என்னுடையது.

அப்பா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "வேணும்னேதான் மறச்சிருக்காக எங்கண்ணன்" என்றார்.

இருவர் தோட்டமும் அடுத்தடுத்து. ஒரே கிணறு, முறைத் தண்ணீர், நடுவில் ஒரு வரப்பு. இத்தனை இருந்தால் வருத்தங்களுக்கா பஞ்சம்? எல்லாம் ஒரு காரணத்துக்காக வரிசையில் காத்துக்கிடந்தன. என் காது அந்தக் காரணமாகிவிட்டது. அன்றிலிருந்து அப்பா பெரியப்பாவோடு பேசுவதை நிறுத்தினார். பெரியப்பாவின் மோட்டார்த் தொட்டியில் குதித்துக் குளிப்பது எனக்குத் தடையானது.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் பெஞ்சின் நுனியில் நின்றேன். நுனியில் நிற்காதே என்று அப்பா மூன்று தரம் சொல்லியிருந்தார். அக்காவைவிட உயரமாகத் தெரிய வேண்டுமென்று நுனியில் நின்றதோடு குதிகாலையும் தூக்கினேன். மணலில் பெஞ்சின் கால் இறங்கியது. நான் சாய்ந்தேன். பெரியப்பா சட்டென்று திரும்பி என் இடுப்பைப் பிடித்தார். அந்த நொடியில்தான் போட்டோக்காரர் சொடுக்கினார்.

இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். பெரியப்பா சொல்லவில்லை. நான் சொன்னால் முதுகு பிய்ந்துவிடும். அதனால் அண்ணன் தம்பி உறவு பிய்ந்தால் பரவாயில்லை என்று சும்மா இருந்துவிட்டேன். பத்து வயதில் எனக்கு அவ்வளவு பெரிய மனது.

ஆனாலும் உறுத்தியது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். என் முகம் சுவரில் இல்லாததால்தானே அப்பாவுக்குக் கோபம்? நானே என்னை வரைந்து படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால் கோபம் இறங்கிவிடும். உண்மையைச் சொல்வதைவிடப் படம் வரைவது சுலபமாகத் தெரிந்தது. அதற்கு முன் நான் படம் வரைந்ததே இல்லை என்பது ஒரு சின்ன விஷயம்.

என்னிடமிருந்த பென்சில் சுண்டுவிரல் நகம் அளவுதான். ஆகவே கரி. அடுப்புக்கரி கையில் எடுத்தால் நொறுங்கியது; இஸ்திரிக்காரரிடம் கெஞ்சி வாங்கிய சிரட்டைக்கரியோ, கோடு போடாமல் கீறியது. தோட்டத்தில் மார்கழியில் திராட்சையைக் கவாத்து பண்ணி வெட்டிப்போட்ட கொடிகள் காய்ந்து குவிந்து கிடந்தன. வெந்நீர் அடுப்புக்கு அதுதான் விறகு. அரைகுறையாக எரிந்த ஒரு துண்டை எடுத்துத் தரையில் இழுத்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அப்படி ஒரு கறுப்பு.

முழுதாக எரியவிட்டால் சாம்பல், பாதியில் எடுத்தால் விறகு. ஒரு வாரம் இந்த ஆராய்ச்சியில் போனது. கடைசியில் அம்மாவின் பவுடர் டப்பாவில் கொடித் துண்டுகளை அடைத்து, வாயில் களிமண் பூசித் தணலில் புதைத்தேன். மறுநாள் உடைத்துப் பார்த்தால் உள்ளே பத்துப் பன்னிரண்டு கரிக்குச்சிகள், விரல் நீளத்தில், தட்டினால் கண்ணாடி வளையல் சத்தம். பல வருடம் கழித்து மதுரையில் ஒரு கடையில் பார்த்தேன், ஓவியர்களுக்கென்றே திராட்சைக் கொடிக் கரியை அழகான பெட்டியில் வைத்து விற்கிறார்கள். கடைக்காரரிடம் அம்மாவின் பவுடர் டப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் சுவாரசியம் காட்டவில்லை. அம்மாவும் காட்டியதில்லை, அந்த டப்பாவில் இன்னும் பாதிப் பவுடர் இருந்ததாம். அதை நான் மாட்டுத் தொட்டிக்குள் கொட்டியிருந்தேன். இரண்டு நாள் எங்கள் மாடு கல்யாண வீட்டு மணத்தோடு திரிந்தது.

காகிதத்துக்குப் பழைய தினக் காலண்டர் அட்டை. தாளெல்லாம் கிழிந்தபின் அட்டையை யாரும் எறிய மாட்டார்கள், எதற்கும் பயன்படுத்தவும் மாட்டார்கள். அதன் பின்புறம் மண்நிறத்தில் பரந்து கிடந்தது. கண்ணாடிக்கு அப்பாவின் சவரக் கண்ணாடி. கொல்லைக் கதவில் ஆணியடித்து மாட்டி, எதிரே குத்தவைத்து உட்கார்ந்தேன்.

கண்ணிலிருந்து தொடங்கினேன். கண்ணைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் அகல விழிக்க வேண்டுமல்லவா? விழித்தேன். விழி முழுவதும் வெள்ளை தெரிய வரைந்தேன். அடுத்து மூக்கு. துளை எப்படியிருக்கிறதென்று தெரிய மூக்கை விடைத்தேன், அதையும் வரைந்தேன். பல்லை எண்ண ஈயென்று இளித்தேன். முன்பல் ஒன்று விழுந்திருந்தது, அந்த ஓட்டையைக்கூட விடவில்லை. காது இரண்டையும் போட்டோவில் பட்ட அவமானத்துக்குப் பழிவாங்குவது மாதிரி பெரிதாகவே போட்டேன். தப்பான கோட்டை அழிக்கத் துணி வைத்துத் தேய்த்தால் கரி பரவியது. காலைப் பலகாரத்தில் ஒரு இட்லியைப் பிசைந்து உருட்டி ஒற்றினேன். கரியை அது அழகாக எடுத்துக்கொண்டது. முகத்துக்கு நாலு இட்லி ஆனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

கரி உதிராமலிருக்க வடிகஞ்சியை விளக்குமாற்றுக் குச்சியால் தெளித்து வெயிலில் சாத்திவைத்தேன். அப்போதுதான் அப்பா தோட்டத்திலிருந்து வந்தார்.

அட்டையை இரண்டு கையாலும் எடுத்தார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு மரியாதை ஏறியது. என்னைக் கண்டுகொண்டார் என்றே நினைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டார்.

"இங்கன வா. திஷ்டிக்குப் பூதம் வரஞ்சிருக்கான் பாரு ஒம்மகன். கடையில விக்கிறதெல்லாம் இதுக்கு முன்னால நிக்குமா?"

அம்மா எட்டிப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "ஆத்தாடி, ஒடம்பு சிலுக்குதுங்க" என்றார். அக்கா மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்து, பல்லு யாரோ தெரிஞ்சவுக பல்லு மாதிரி இருக்கு என்றாள்.

வாழ்நாளில் முதல்தடவையாக அப்பா என்னைப் பாராட்டுகிறார். பூதம் என்றால் பூதமாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நின்றேன்.

பங்குனி அது. பன்னீர்த் திராட்சை நிறம் மாறிக்கொண்டிருந்தது. பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்தால் தலையெல்லாம் குலை இடிக்கும். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பது அப்பாவின் கொள்கை. யார் கண் என்று கேட்க வேண்டியதில்லை. உரச்சாக்கின் உள்பையை மேலே சுற்றி, வரப்போரத்துக் கல்தூணில், பெரியப்பாவின் மோட்டார் அறையை நேராகப் பார்க்கும்படி என்னைக் கட்டிவைத்தார். உறவைச் சேர்த்துவைக்க வரைந்த முகம் உறவைத் துரத்துகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தது.

சித்திரையில் குமுளியிலிருந்து மலையாளத்து வியாபாரி வந்து பார்த்துவிட்டு, இந்த மாதிரிக் குலையை இந்தப் பக்கத்தில் நான் கண்டதில்லை என்று சொல்லிவிட்டார். உரம் போட்டது அப்பா, மருந்தடித்தது அப்பா, ராத்திரி முறைத் தண்ணீர் கட்டியது அப்பா. பேர் பூதத்துக்கு. அந்த வாரமே தென்னந்தோப்புக்காரர் ஒரு காலண்டர் அட்டையோடு வந்தார். பிறகு வாழைத்தோட்டக்காரர். பிறகு இன்னும் இரண்டு பேர். பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. எனக்கும் கை பழகிவிட்டது. பூதத்துக்கு மாதிரி வேண்டுமே, வேறு யாரைப் பார்ப்பேன்? ஒவ்வொரு தடவையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னையே வரைந்தேன்.

இங்கேதான் தொழில் கெட்டது. முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அது சும்மா இருக்குமா? மூன்றாவது படத்தில், கண் தலையின் உச்சியில் இல்லை, நடுவில் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். அதுவரை எனக்கு நெற்றியே கிடையாது. நாலாவதில், மூக்கைச் சுற்றிக் கோடு என்று ஒன்று இல்லவேயில்லை, ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல், அவ்வளவுதான் மூக்கு என்று தெரிந்தது. கதவைப் பாதி சாத்தி வெளிச்சத்தை ஒரு கன்னத்துக்கு மட்டும் விட்டேன். கரியை விரலால் தேய்த்தேன். இட்லியால் தொட்டுத் தொட்டு வெளிச்சத்தை எடுத்தேன். ஐந்தாவதில், இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருப்பது தெரிந்தது. பத்து வருடமாகக் கூடவே இருந்தும் சொல்லவில்லை பாருங்கள்.

ஆறாவது அட்டை அல்லிநகரத்துச் சித்திக்கு. அவரும் புதுவீடு கட்டியிருந்தார். அன்றைக்கு எனக்கு விழிப்பதும் இளிப்பதும் அலுத்துப்போயிருந்தது. சும்மா உட்கார்ந்தேன். கண்ணாடியும் சும்மா இருந்தது. வந்த முகத்தை அப்படியே வரைந்தேன். மாலையில் முடித்துத் தள்ளிவைத்துப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, எதையோ சொல்லாமல் உள்ளே வைத்துக்கொண்டிருக்கிற ஒரு பையன் அட்டைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான். நான் அதை வரையவில்லை. கரி அதுவாகவே வரைந்திருந்தது. எல்லாருக்கும் தெரிந்துவிடும் போலிருந்தது. அவசரமாகப் பொட்டலம் கட்டி பஸ்ஸில் அனுப்பிவைத்தேன்.

நாலாம் நாள் சித்தியே பொட்டலத்தோடு வந்து இறங்கினார்.

"என்னய்யா பூதம் இது? இதப் பாத்தா பயம் எங்க வருது? கூப்ட்டு ஒரு வாய் சோறு போடணும்னுல்ல தோணுது" என்றார்.

அப்பாவுக்கு ஏமாற்றம். கவனமில்லாமல் வரைகிறாய், முதல் படம் மாதிரி வராது என்றார். திருத்திக் கொண்டுவரச் சொல்லி அட்டையை என்னிடமே தந்தார். உங்களுக்கும் நடந்திருக்கும்: ஒரு வேலையை நன்றாகச் செய்ததற்காகத் திட்டு வாங்குவது. எனக்கு அது பத்து வயதிலேயே நடந்துவிட்டது.

அட்டையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். முதல் பூதத்தைப் பார்த்து இதைத் திருத்துவதாக உத்தேசம். கல்தூணுக்கு முன்னால் நின்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. பெரியப்பா. மம்பட்டியைத் தோளில் போட்டபடி நின்றார். நாலு மாதமாக நான் அவரைக் கண்டால் ஓடுவேன். அன்று அட்டை கையில் இருந்ததால் ஓட வசதிப்படவில்லை.

"ஏலே, ஒன் மூஞ்சிய எதுக்குடா ஒங்கப்பன் எம்பக்கம் பாத்துக் கட்டி வச்சிருக்கான்?"

"இது நான்னு ஒங்களுக்குத் தெரியுமா பெரியப்பா?"

"தெரியாம? தெனம் காலையில ஒன்னயப் பாத்துட்டுத்தானே மோட்டாரப் போடுறேன். தழும்பத்தான் எடம் மாத்திப் போட்ருக்க. ஒனக்கு எடது புருவத்துல்ல தழும்பு?"

அந்தத் தழும்பு அவருடைய தொட்டியில் வழுக்கி விழுந்து வாங்கியது. கண்ணாடியைப் பார்த்து அப்படியே வரைந்ததில் அது வலது புருவத்துக்குப் போயிருந்தது. அம்மா, அப்பா, அக்கா, நாலு தோட்டக்காரர்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. யாருடைய கண்ணுக்குப் பயந்து என்னைக் கட்டிவைத்தார்களோ, அந்தக் கண் ஒன்றுதான் என்னைப் பார்த்திருந்தது.

கையிலிருந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சித்தி திருப்பித் தந்துவிட்டார் என்றேன். அப்படியானால் எனக்குக் கொடுத்துவிடு என்று அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் காற்றுக்கு முன்னால் செய்தி போகும். மூன்றாம் நாள் தென்னந்தோப்புக்காரர் அப்பாவிடம், ஒங்கண்ணனும் ஒரு பூதம் வாங்கிட்டுப் போனாகளாமே என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கையைக் கழுவினார். என் மகன் வரைந்த பூதத்தை எனக்கு எதிராகவே கட்டுகிறாரா என்று கிளம்பினார். பின்னால் நான் ஓடினேன். அண்ணன் தோட்டத்தைத் தூண் தூணாகப் பார்த்தார். பூதத்தைக் காணோம். கோபம் இன்னும் ஏறி, நேரே பெரியப்பா வீட்டுக்குள் நுழைந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

பெரியப்பா தரையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பின்சுவரில் எங்கள் குடும்பப் போட்டோ. அவர் வீட்டிலும் ஒரு பிரதி இருந்தது. அதை ஒட்டி, என் காது தெரிகிற பக்கமாகப் பார்த்து, என் அட்டை தொங்கியது.

"பூதத்த யாராச்சும் வீட்டுக்குள்ள மாட்டுவாகளா?" என்றார் அப்பா. திட்டத் தொடங்கிய குரல் பாதியில் கேள்வியாகிவிட்டது.

பெரியப்பா கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "பூதமா? ஒம்மகன்டா. போட்டோவுல இவன் மொகத்த நான் மறச்சிட்டேன்ல. அதான் பக்கத்துல மாட்டிருக்கேன்."

அப்பா அட்டைக்கு அருகில் போனார். திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். அட்டைக்குள் அந்தப் பையன் இன்னும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. அவன் வாயைத் திறக்கப்போவதில்லை, நான்தான் திறக்க வேண்டும்.

"நான் பெஞ்சு நுனியில எக்கி நின்னேன்ப்பா. விழப் போனேன். பெரியப்பா பிடிச்சாக. அதுலதான் மறஞ்சிருச்சு" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன், நடுவில் நிறுத்தினால் பொய் வந்துவிடும் என்ற பயத்தில்.

அப்பா கையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கன்னத்தில் அறை விழவில்லை. அந்தக் கை என் தாடையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பியது. ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். புருவத்துத் தழும்பைக் கட்டைவிரலால் தடவினார். விலை பேசும் முன் குலையைத் திருப்பிப் பார்ப்பாரே, அந்த மாதிரி. எனக்கு நினைவு தெரிந்து அப்பா என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடிவாங்காத ஆச்சரியத்தைவிட அந்த ஆச்சரியம் பெரிதாக இருந்தது.

"நீங்களாச்சும் சொல்லிருக்கலாம்லண்ணே" என்றார், தாடையை விடாமலே.

"கேட்டாத்தானடா சொல்ல" என்றார் பெரியப்பா.

பெரியம்மா காப்பியோடு வந்து, ஒருத்தர் கேக்கல, ஒருத்தர் சொல்லல, நாலு மாசம் இந்தப் பிள்ளை தொட்டியில குளிக்கல, எல்லாரும் முதல்ல உக்காருங்க என்றார். உட்கார்ந்தார்கள். காப்பி ஆறும்வரை இரண்டு பேரும் வாய்க்காலில் தண்ணீர் எப்படி வருகிறது என்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள். அதற்குமேல் பெரிய மனிதர்களிடம் எதிர்பார்க்கக்கூடாது. மிச்சத்தைக் கேட்க நான் நிற்கவில்லை, தோட்டத்துக்கு ஓடித் தொட்டிக்குள் குதித்துவிட்டேன்.

மறுநாள் காலை அப்பா கல்தூணில் கட்டியிருந்த முதல் படத்தை அவிழ்த்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் மாட்டப்போகிறார் என்று பின்னால் ஆசையோடு நின்றேன். அவர் தோட்டத்தின் மறுகோடிக்குப் போய், ரோட்டைப் பார்த்து மறுபடியும் கட்டினார்.

"அது நான்னு தெரிஞ்சிருச்சுல்லப்பா, பெறகு ஏன் கட்டுறீக?"

"ஒன் மூஞ்சிதான்லே. ஆனா பயமாத்தானே இருக்கு" என்றார்.

ஆனிக் காற்றும் சாரலும் அந்தப் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போயின. பெரியப்பா வீட்டு அட்டை மட்டும், அந்த வீட்டை இடித்துக் கட்டும்வரை சுவரில் இருந்தது. அதற்குப் பிறகு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. நல்ல படம் அது. ஆனால் அதைத் தேடி நான் அலையவில்லை. காரணம், முதல் படம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

தினமும் காலையில் சவரக் கண்ணாடியில் பார்க்கிறேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் ஒன்றும் தெரியாமல் கண்ணை அகல விழிக்க வேண்டியிருக்கிறது. மாடி ஏறி வந்த மூச்சில் மூக்கு விடைத்துக்கொண்டிருக்கிறது. முன்பல் இல்லை. காது பெரிதாகிவிட்டது. மிச்சமிருக்கும் முடி நேராக நிற்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை எடுத்துக் கொஞ்சினேன், வீறிட்டு அழுதது. அதன் அம்மா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். நானோ பெருமை தாங்காமல் நின்றேன். அன்றைக்கு அந்தப் படத்தில் சாயல் வரவில்லையே என்று நான் வருந்தியது வீண். சாயலில் ஒரு குறையும் இல்லை. வரைந்தவன் ஐம்பது வருடம் முந்திக்கொண்டான், அவ்வளவுதான்.